ஐந்து இன்ச்

எங்கள் ஜீப்பில் ஏற ஒரு ஸ்டூல் வேண்டும். நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல், குளிக்கும்போது உட்காருவதற்காக வாங்கியது. இப்போதும் பின் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. என் கணவர் நஜீர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

ஜீப்பை அந்த உயரத்துக்கு ஏற்றியது அவர்தான். காயலான் கடையில் பொறுக்கிய பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கொண்டு ஏற்றினார். அந்த வேலை நடந்த விதம் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. அவர் போன பிறகு நடந்தவைதான் வரிசை மாறி மாறி வருகின்றன. அதனால் நினைவில் நிற்பதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அம்பத்தூர் மேனாம்பேட்டில் தாழ்வான ஒரு தெரு. பின்னால் மழைநீர்க் கால்வாய் போகிறது. சாதாரண மழைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், மறுநாள் வடிந்துவிடும். மிக்ஜாம் புயலின்போது வடியவில்லை. நஜீருக்கு அதற்கு முந்தைய வருஷமே இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மையம் மூன்று கிலோமீட்டர் தூரத்தில், மெயின் ரோட்டின் மேல் இருக்கிறது. எங்கள் வாசலிலிருந்து அந்த ரோட்டுக்கு ஏறுகிற நானூறு அடிதான் தொல்லை.

செவ்வாய்க்கிழமை போக முடியவில்லை. வியாழனும் முடியவில்லை. ஆட்டோ, ஆம்புலன்ஸ் எதுவும் தெருவுக்குள் வரவில்லை. வியாழன் இரவு அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். அந்த நிலைமையிலும், "வெளியிலயும் தண்ணி, உள்ளயும் தண்ணி. குடிக்கத்தான் தண்ணி கூடாதுன்றானுங்க" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் மீனவர்கள் படகு கொண்டுவந்தார்கள். நுரையீரல் முழுக்க நீர் ஏறிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் விட்டுப்போன கறையின் மேல் காவி பெயின்ட்டால் ஒரு கோடு போட்டது. தெருவின் தரையிலிருந்து அளந்தால் இருபத்தெட்டு இன்ச்.

"அடுத்த மழைக்குப் படகுக்குக் காத்துகினு இருக்க மாட்டேன், ஜரினா" என்றார்.

நஜீர் இருபத்திரண்டு வருஷம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடு டெம்போ ஓட்டியவர். உடம்புக்கு முடியாமல் போனதும் டெம்போவை விற்றுவிட்டோம். நான் பூந்தமல்லியில் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்து ஆபரேஷன் செய்திருந்ததால், அந்தக் கையால் எதையும் பலமாகப் பிடிக்கவோ தூக்கவோ கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வண்டி ஓட்ட அவரால் முடியாது. பத்து வருஷத்துக்கு முன்பு அவரே வற்புறுத்தி எனக்கு எடுக்கவைத்த லைசென்ஸ் அப்போதுதான் பயன்பட்டது.

ஜீப் வேப்பம்பட்டில் ஒரு செங்கல் சூளையில் கிடைத்தது. எண்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி. எங்களோடு வந்தவர் ரவிச்சந்திரன், எஸ்டேட்டின் பின்பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், நஜீரின் இருபது வருஷத் தோழர். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"இன்னா மச்சான், இதுல செங்கல்லு ஏத்துனானுங்களா, இல்ல இதுக்குள்ளயே வெச்சி சுட்டானுங்களா?"

"டீசல் இஞ்சின்டா. தண்ணியில நனைஞ்சாலும் நிக்காது."

"நிக்காது, சரி. ஓடுமா?"

ஓடியது. அதை வாங்கினோம்.

வாசலில் நிறுத்தி அளந்தபோது ஜீப்பின் தரைத் தகடு இருபத்துநாலு இன்ச் உயரத்தில் இருந்தது. கோட்டுக்கு நாலு இன்ச் கீழே. அச்சுக்கும் மேலே உள்ள சட்டத்துக்கும் நடுவில், வில்போல வளைந்த பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒரு சக்கரத்துக்கு ஒரு கட்டு. பட்டையின் வளைவும் எண்ணிக்கையும் கூடினால் வண்டி மேலே எழும்பும். உயரம் கூட்டுவதற்கென்றே புதுக் கட்டுகள் விற்கிறார்கள், ஆனால் அந்த விலைக்கு இதேபோல் இன்னொரு ஜீப்பை வாங்கிவிடலாம் என்றார் ரவி அண்ணன். ஆகவே பூந்தமல்லி பைபாஸ் பக்கம் ஜுல்ஃபிகர் பாயின் காயலான் கடைக்குப் போனோம்.

உடைத்துப் போட்ட டெம்போக்களின் பட்டைகள் அங்கே விறகுபோலக் குவிந்திருந்தன. நஜீரால் அதிக நேரம் நிற்க முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரவி அண்ணன் ஒவ்வொரு பட்டையாகக் கம்பியில் தொங்கவிட்டுப் பிடிக்க, இவர் சின்னச் சுத்தியால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். நல்ல பட்டை மணிபோல இழுத்துக்கொண்டே போகும். விரிசல் விட்டதில் சத்தம் உடனே செத்துவிடும்.

"பாய், பானை வாங்க வந்தாமாரி தட்டித் தட்டிப் பாக்கறீங்களே. கிலோ கணக்குல போற இரும்பு பாய் இது" என்றார் ஜுல்ஃபிகர்.

"பானை ஒடைஞ்சா தண்ணிதான் போவும். இது ஒடைஞ்சா நான் போய்டுவேன் பாய்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் தேடித் தேடி எடுத்தது தான் ஓட்டிய ரக டெம்போவின் பட்டைகளைத்தான். ஜீப் பட்டையும் ஒரு குவியல் கிடந்தது. ரவி அண்ணன் அதைக் காட்டியபோது வேண்டாம் என்றுவிட்டார். "இருவத்திரண்டு வருசம் ஒரு டன்னு, ஒண்ணரை டன்னு ஏத்திகினு போயிருக்கேன். ஒரு நாளும் என்னைக் கைவுட்டதில்ல. எனக்கு இதைத்தான் தெரியும்."

அங்கேதான் பிசகியது. நஜீருக்கு வண்டியைக் காலியாக ஓட்டும் பழக்கமே கிடையாது. லோடு இறக்கிய இடத்திலேயே காத்திருந்து, திரும்பும் லோடு பிடித்துக்கொண்டுதான் கிளம்புவார். காலி வண்டி ஓட்டுவது அவருக்கு அவமானம்போல. அதனால் அந்தப் பட்டைகள் பாரமில்லாதபோது எப்படி நடந்துகொள்ளும் என்பது இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்குத் தெரியவராமலே போய்விட்டது.

டயாலிசிஸ் இல்லாத நாட்களாகப் பார்த்து, ஷெட்டில் நாலு நாள் வேலை நடந்தது. பழைய கட்டைப் பிரித்து, டெம்போ பட்டைகளை நீளம் வெட்டி, இடையில் கிரீஸ் தடவி அடுக்கினார்கள். கட்டு தடிமனானதால் அச்சோடு சேர்த்துப் பிடிக்க நீளமான யூ போல்ட்டுகள் தேவைப்பட்டன. வண்டி எழும்பினால் இழுபட்டுக் கிழியும் என்று பிரேக் டியூபைக்கூட நீளமானதாக மாற்றினார்கள். சைலன்சரின் வாயை ஒரு பைப்பு வைத்துக் கூரைவரை தூக்கினார்கள். நஜீர் நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொரு நட்டையும் இன்னொரு முறை முறுக்கச் சொன்னார்.

"உங்கூட்டுக்காரன் கட்டில்ல படுத்தாக்கூட நாலு காலையும் ஸ்பேனர் போட்டுப் பாப்பான் தங்கச்சி" என்றார் ரவி அண்ணன்.

ஐந்தாம் நாள் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்தோம். சுவர்க்கோட்டிலிருந்து நூலை இழுத்துப் பிடித்தார்கள். தரைத் தகடு இருபத்தொன்பது இன்ச். கோட்டுக்கு மேலே ஓர் இன்ச். நஜீர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவர் குனிந்து நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

பிறகு, "ஏர்றேன்" என்று கதவருகில் போனார். வலது காலைத் தூக்கினார். கால் பாதி உயரம்தான் போயிற்று. கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினார். இடது கையை ஊன்ற முடியாது. மூன்றாம் முறை தூக்கவில்லை.

"எல்லாத்தையும் அளந்தோம் மச்சான்" என்றார். "என் கால அளக்கல."

நான் உள்ளே போய் நீல ஸ்டூலை எடுத்துவந்தேன்.

அடுத்த செவ்வாயிலிருந்து ஜீப்பில்தான் போனோம். மழை வரும்போது எனக்குக் கை பழகியிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு டன் தாங்குவதற்கென்று அடித்த பட்டைகள் எங்கள் இரண்டு பேரின் பாரத்துக்கு அசையக்கூட இல்லை. பள்ளம் ஒவ்வொன்றும் அப்படியே மேலே வந்தது. மூன்று கிலோமீட்டரில் எத்தனை பள்ளம் என்று இப்போதும் சொல்வேன். நாற்பத்தொன்று. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவருக்கு உடம்பில் தெம்பே இருக்காது. இரண்டு முறை வழியில் நிறுத்தி வாந்தி எடுத்தார்.

ரவி அண்ணன் வந்து பார்த்தார். "வெயிட்டு போட்டா மெத்துனு ஆய்டும் மச்சான். மணல் மூட்டை ஏத்திப் பாப்போம்."

பத்து மூட்டை ஏற்றினோம். வண்டி மெத்தென்று ஆனது. நஜீர் உடனே நூலை எடுத்துவரச் சொன்னார். இருபத்தாறு. கோட்டுக்கு இரண்டு இன்ச் கீழே. மூட்டைகளை அப்போதே இறக்கச் சொல்லிவிட்டார்.

அன்றுதான் நான் கேட்டேன். "கட்டுக்கு ஒரு பட்டைய எடுத்துடலாம்ங்க. கொஞ்சம் எறங்கட்டும். ஒடம்பு தாங்கலியே உங்களுக்கு."

"எத்தினி எறங்கும்?"

"ரெண்டு இன்ச்சு எறங்கும்" என்றார் ரவி அண்ணன்.

"அந்த ரெண்டு இன்ச்சுல தண்ணி வந்தா? குலுக்கல நான் தாங்கிப்பேன் ஜரினா. தண்ணிய தாங்க மாட்டேன்."

ஐ.சி.யூ.வில் ஒன்பது நாள் கிடந்தது அவர், நான் இல்லை. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை அப்படியே போய்வந்தோம். நான் மெதுவாக ஓட்டினேன். அவர் இடது கையை மடியில் குழந்தையைப்போல வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வலிக்கிறதா என்று கேட்டால், "ரோட்டப் பாத்து ஓட்டு" என்பார்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை புயல் வந்தது. வெள்ளி இரவு முழுக்கப் பெய்து, விடியும்போது தெரு நிறைந்திருந்தது. டயாலிசிஸ் காலை எட்டு மணிக்கு. மையத்துக்குப் போன் செய்தேன். நடக்கிறது, வந்துவிடுங்கள் என்றார்கள்.

ஜீப் வாசலில் தண்ணீருக்கு நடுவே நின்றது. நான் முழங்காலுக்கு மேல் நனைந்தபடி ஸ்டூலைக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்தேன். கையை எடுத்ததும் அது மேலே வந்து மிதந்தது. அழுத்தி வைத்தேன். மறுபடி மிதந்து, சாவகாசமாகத் தெருமுனையைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

"முன்னாடியே போயி எனக்கு எடம் புடிக்குது போல" என்றார் நஜீர், வாசற்படியில் நின்றபடி.

எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் விஷால் இதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். திருப்பூர்ப் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை. அதுவரை எங்களோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. ஸ்டூலைப் பிடித்துவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நான் தூக்கி வெச்சர்றேனுங்க. கையக் கழுத்துல போடுங்கண்ணா" என்றான்.

"இந்தக் கை வேணாம்பா. இது டீசல் டேங்க் மூடி. இத்த தொடக்கூடாது" என்று நஜீர் வலது கையை நீட்டினார்.

விஷால் அவரை அப்படியே தூக்கி சீட்டில் வைத்தான். நஜீர் அப்போது நாற்பத்தேழு கிலோ.

அதற்குள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் வேம்புலியம்மாள் ஒரு பால் கேனோடு வந்துவிட்டார். "ஜரினா, மெயின் ரோடு வரைக்கும் என்னையும் ஏத்திக்கோடி. காலையிலேர்ந்து ஒரு சொட்டு பாலில்ல தெருவுல." அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள்.

நான் நஜீரைப் பார்த்தேன். வண்டி இறங்கிவிடுமே என்று அவர் தயங்குவார் என்று நினைத்தேன். அவர் பின்பக்கம் திரும்பி, "ஏறுக்கா. எல்லாரும் ஏறுங்க. வண்டிக்கு வெயிட்டு வேணும்" என்றார்.

"நான் ஒருத்தி போதாதா உன் வெயிட்டுக்கு?" என்றபடி வேம்புலியம்மாள் ஏறினார். வண்டி உண்மையிலேயே ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. விஷாலும் மற்ற மூவரும் ஏறினார்கள்.

முதல் கியரில், நிறுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போகவேண்டும் என்று நஜீர் மாதக்கணக்கில் சொல்லியிருந்தார். அப்படியே போனேன். இரண்டு பக்கமும் அலை எழுந்து காம்பவுண்டுச் சுவர்களில் மோதியது. தண்ணீர் உள்ளே வரவில்லை. தெருவின் நடுவில் இருக்கும் பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது எனக்கே தெரியவில்லை, வண்டி ஊஞ்சல்போல ஒருமுறை ஆடியதோடு சரி. நஜீர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பயந்துவிட்டாரோ என்று பார்த்தேன்.

"ஜரினா, இப்பத்தான் வண்டி வண்டியா கீது" என்றார் கண்ணைத் திறக்காமல்.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே மையத்தில் இருந்தோம். நாலு மணி நேரமும் முழுதாக டயாலிசிஸ் நடந்தது. அடுத்த செவ்வாய்க்கும் தண்ணீர் முழுதாக வடியவில்லை. அன்று காலை ஏழரைக்கே பஸ் ஸ்டாப்பில் நிற்பதுபோல ஏழெட்டுப் பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். நஜீர் அவர்களை எடை பார்த்து இடம் சொல்லி உட்காரவைத்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு அவர் சுவரில் புதுக் கறையை அளந்தார். காவிக் கோட்டுக்கு ஐந்து இன்ச் கீழே இருந்தது. பட்டையைக் குறைத்திருந்தாலும் போயிருக்கலாம். மணல் மூட்டைகளை வைத்திருந்தாலும் போயிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அடுத்த மழைக்குத் தண்ணி ஏறும்" என்றார் அவர்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில். "இன்னிக்கு ஆட்டோல போலாம், இடுப்பு வலிக்குது" என்றார். அதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை. ஆட்டோவில் போனோம். மூன்றாம் மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கியது, பிறகு ஏறவில்லை. நான் வராந்தாவில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுமலரின் புரூஃபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து கூப்பிட்டபோது எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று குறித்துவைத்துவிட்டு எழுந்தேன். இதயம் நின்றுவிட்டது, எதில் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் மருத்துவர். எதில் வந்தோம் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருப்பேன். சொன்னதாக நினைவில்லை.

ஜனாசாவை எடுக்கும்போது, உடலைச் சுமந்துபோகும் சந்தூக்கைத் திருப்ப வாசலில் இடம் போதவில்லை. நாலு பேர் ஜீப்பைப் பத்தடி முன்னால் தள்ளி நிறுத்தினார்கள். கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் நாலு மாதம் பத்து நாளும் வண்டி அங்கேயே நின்றது. நான் வெளியே போகவில்லை. என் அக்கா ஷாகிதா கூட இருந்தாள். ஜன்னலிலிருந்து ஜீப்பின் பின்பக்கம் மட்டும் தெரியும். அதன் மேல் வேப்பம்பூ விழுந்து, காய்ந்து, பிறகு பழம் விழுந்தது.

இத்தா முடிந்த மறுவாரம் ரவி அண்ணன் புது பேட்டரியோடு வந்தார். கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றிவந்தார். வாங்கின அன்றைக்குச் சுற்றியதுபோலத்தான், ஆனால் கேலி எதுவும் செய்யவில்லை.

"தங்கச்சி, பழைய கட்டு ஷெட்டுலதான் கீது. ரெண்டு நாளு வேல. இத்த கழட்டிட்டு அத்தையே போட்டுர்றேன். இனிமே யாருக்கு இம்மா ஒசரம்? நீயே ஸ்டூலு போட்டு ஏறணும்."

சரி என்றேனா, சும்மா இருந்தேனா தெரியவில்லை. அவர் ஓட்ட, நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அந்த சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

முதல் பள்ளத்தில் உடம்பு சீட்டைவிட்டு எழுந்து விழுந்தது. இதே வண்டி, இதே பள்ளம், ஆறு மாதம் நான் ஓட்டியதுதான். ஆனால் எனக்கு ஸ்டீயரிங் இருந்தது. பள்ளம் வருவதும் முன்னமே தெரியும், பிடித்துக்கொள்வேன். இந்தப் பக்கம் கதவோரத்தில் ஒரு கம்பிப் பிடி இருக்கிறது, இடது கைக்கு. நான் இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த பள்ளத்துக்கு வலது கை எதையாவது பிடிக்கத் துழாவியது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. கை கடைசியில் சீட்டின் ஓரத்தைப் பிடித்தது. அங்கே ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. சூளைக்காரர் காலத்துக் கிழிசல் என்று நினைத்திருந்தேன். என் நாலு விரலும் அதற்குள் போய் உட்கார்ந்தன. உள்ளே பஞ்சு விரல் அளவுக்குக் குழிந்திருந்தது.

அந்தப் பிடியை விடாமல் ஷெட்வரை போனேன். நாற்பத்தொன்றில் பாதிகூட இருக்காது அந்த வழியில்.

ரவி அண்ணன் இஞ்சினை நிறுத்திவிட்டு, ஜாக்கியை எடுக்கப் போனார்.

"அண்ணே" என்றேன். "நடுவுல ஒரு பிடி வெல்டு வெக்கணும்."

"எங்க?"

"இங்க. சீட்டுக்கும் கியருக்கும் நடுவுல. இந்தப் பக்கம் உக்கார்றவங்க வலது கையால புடிக்கறாமாரி."

அவர் ஜாக்கியோடு நின்றார். சீட்டின் கிழிசலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"பட்டைய கழட்றதா வேணாமா?" என்றார் பிறகு.

"அதப் பின்னாடி சொல்றேண்ணே. மொதல்ல பிடிய வெச்சிடுங்க."

ஒரு முக்கால் இன்ச் பைப்பைத் தேடி எடுத்து, என் கையைப் பிடிக்கச் சொல்லி உயரம் பார்த்து, சாக்பீஸால் குறித்துக்கொண்டார். வெல்டிங் வைக்கக் கால் மணி நேரம் ஆனது. ஆறுவதற்கு முன்னால் தொடாதே என்றார். நான் ஸ்டூலை இறக்கிப் போட்டு அதில் உட்கார்ந்து, ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.